கோட் சூட் எடுக்கும் முன்: நம்மூர் வெயிலுக்கும் நம் உடம்புக்கும் எது பொருந்தும்?

முதல் தடவை கோட் சூட் எடுக்கப் போகிறவர்கள் கடைக்குள் நுழைந்ததும் கேட்பது, "என்ன கலர் இருக்கு?" என்றுதான். கூட வந்த அக்கா கல்யாணப் பெண்ணின் புடவைக் கலரைப் போனில் காட்டுவார். கடைப் பையன் அதற்குத் தோதாக நாலைந்தை எடுத்து மேஜையில் போடுவான். கால் மணி நேரத்தில் பில் போட்டுவிடுவார்கள்.

கலரைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். எங்கே, எந்த மாதத்தில், எத்தனை மணி நேரம் போடப் போகிறீர்கள் என்பது முதலில். அடுத்து, தோளில் அது எப்படி உட்காருகிறது. அதற்கும் அடுத்து, உங்கள் உடம்புவாகுக்கு எந்த வெட்டு என்பது. இந்த வரிசையில் போனால் காசு வீணாகாது, மேடையில் வியர்த்து வழியவும் வேண்டியதில்லை.

எங்கே, எந்த மாதத்தில்?

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கோட் சூட்டுக்குப் பெரிய வேலை, முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்கால வரவேற்புதான். ஏழு மணிக்கு மேடை ஏறும் மாப்பிள்ளை பத்தரை மணி வரை இறங்க முடியாது. முகத்துக்கு நேரே வீடியோக்காரரின் லைட், கழுத்தில் மாலை, போட்டோவுக்கு வரிசையில் நிற்கும் சொந்தக்காரர்கள். மண்டபம் ஏசி என்று சொல்லித்தான் வாடகை வாங்குவார்கள், ஆனால் வரவேற்பு நேரத்தில் எந்த மண்டபத்திலும் கதவு மூடியிருப்பதில்லை.

இதில் ஊரும் மாதமும் முக்கியம். சித்திரை, வைகாசியில் தருமபுரியிலோ அரூரிலோ கல்யாணம் என்றால் பகல் வெயில் 38 டிகிரியைத் தாண்டிவிடும், இரவு எட்டு மணிக்கும் மண்டபச் சுவரில் சூடு இருக்கும். அதே கல்யாணம் தை மாதம் ஓசூரிலோ தளியிலோ நடந்தால் கோட் போட்டவர்தான் கொடுத்து வைத்தவர். ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம், தருமபுரி சுமார் அதில் பாதி. 1965 முதல் 2004 வரை எல்லாம் ஒரே தருமபுரி மாவட்டமாக இருந்திருக்கலாம், கோட் துணி விஷயத்தில் இரண்டும் வேறு வேறு ஊர்தான்.

ஆகவே துணியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். கோட் துணி என்று கடைகளில் எடுத்துப் போடுவதில் பெரும்பகுதி பாலியஸ்டரும் விஸ்கோஸும் கலந்த டெரி ரேயான். விலை குறைவு, கசங்காது, எந்தக் கலர் கேட்டாலும் இருக்கும். ஆனால் பாலியஸ்டர் அதிகமாக இருந்தால் உள்ளே காற்றுப் போகாது, வீடியோ லைட் பட்டதும் தகடு மாதிரி மினுங்கும். அடுத்த படி, பாலியஸ்டரோடு கம்பளி நூல் கலந்த டெரி உல். அதற்கு மேலே முழுக் கம்பளி. கம்பளி என்றதும் ஊட்டி ஸ்வெட்டரை நினைத்துப் பயப்பட வேண்டாம். மெல்லிய நூலில், வெளிச்சம் லேசாக ஊடுருவும்படி நெய்த கம்பளித் துணி, வெயிலில் பாலியஸ்டரை விட எவ்வளவோ தேவலை. வியர்வையை உள்ளே இழுத்து மெல்ல வெளியே விட்டுவிடும். மீட்டருக்கு 220 முதல் 250 கிராம் எடையுள்ள துணி நம் சமவெளி ஊர்களுக்குச் சரி. 300 கிராமைத் தாண்டினால் அது குளிர் தேசத்துக்கு.

துணியின் ஓரத்தில் 'சூப்பர் 100', 'சூப்பர் 120' என்று அச்சடித்திருப்பார்கள். அது கம்பளி இழை எவ்வளவு மெல்லியது என்பதற்கான எண், மற்றபடி தரச் சான்றிதழ் கிடையாது. எண் ஏற ஏற துணி வழவழப்பாகும், உழைப்பு குறையும். அடிக்கடி போடப் போகிறவர்களுக்கு 100, 110 போதும். கடையிலேயே செய்து பார்க்க ஒரு வழி இருக்கிறது. துணியின் மூலையைக் கைக்குள் இறுக்கிப் பிடித்துப் பத்து வரை எண்ணிவிட்டு விடுங்கள். நல்ல கம்பளி கொஞ்ச நேரத்தில் தானாக நிமிர்ந்துவிடும். கசங்கல் அப்படியே நின்றால், மண்டப சோபாவில் உட்கார்ந்து எழும்போது முதுகிலும் அப்படித்தான் நிற்கும். லினன் மட்டும் இந்தப் பரீட்சையில் எப்போதும் தோற்கும், அது அதன் சுபாவம்.

லைனிங்கை யாரும் யோசிப்பதில்லை. துணிக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு, உள்ளே பாலியஸ்டர் லைனிங்கை முழுசாகப் போட்டுத் தைத்தால், கோட்டுக்குள் இன்னொரு மழைச்சட்டை போட்ட கதைதான். விஸ்கோஸ் லைனிங் கேளுங்கள். முதுகில் பாதி அளவுக்கு மட்டும் போடச் சொல்லுங்கள். கைக்குள் மட்டும் முழு லைனிங் வேண்டும், இல்லாவிட்டால் சட்டைக் கை சிக்கிக்கொண்டு கோட்டைக் கழற்றவே ஆள் தேவைப்படும்.

நேர்காணலுக்கு வேறு கணக்கு. ஓசூர் சிப்காட்டில் தொழிற்சாலை வேலைக்கான நேர்காணலுக்குக் கோட் சூட்டோடு போய் நின்றால், உங்களுக்கே கூச்சமாக இருக்கும். அயர்ன் செய்த முழுக்கைச் சட்டை, டக் இன், கருப்பு ஷூ போதும். வங்கி, விற்பனைப் பிரிவு, ஹோட்டல் நிர்வாகம், பெங்களூர் அலுவலக வேலை என்றால் கருநீலத்திலோ அடர் சாம்பலிலோ கோடு, கட்டம் எதுவுமில்லாத இரண்டு பட்டன் சூட். பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியிலோ வேறெங்கோ கேம்பஸ் நேர்காணல் என்றால், எல்லோரும் பிளேசர் (பேண்ட் இல்லாமல் தனியாக வரும் கோட்) போட வேண்டும் என்று கல்லூரியே சொல்கிறதா எனக் கேட்டுக்கொண்டு அதன் பிறகு காசைச் செலவழியுங்கள். அண்ணன் கல்யாணத்துக்கு எடுத்த மினுமினுப்புக் கோட் நேர்காணலுக்கு ஆகாது. காலர் ஓரத்தில் சாட்டின் பட்டை வைத்தது இரவு விருந்துக்கான டக்ஸிடோ வகை, பகல் பத்து மணிக்கு அதைப் போட்டுக்கொண்டு மேனேஜர் முன்னால் உட்காரக் கூடாது.

பஸ்ஸில் போகிறவர்கள் கோட்டைப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் 90 கிலோமீட்டர் சொச்சம், இறங்கும்போது முதுகு வரைபடமாகிவிடும். கோட்டின் ஒரு தோளை உள்வெளியாகத் திருப்புங்கள், மற்றத் தோளை அதற்குள் செருகுங்கள். இப்போது லைனிங் வெளியே, துணி உள்ளே. நீளவாக்கில் ஒரு மடிப்பு, குறுக்கே ஒரு மடிப்பு, பையில் எல்லாவற்றுக்கும் மேலே. போய் இறங்கி உதறினால் போட்டுக்கொள்ளலாம்.

காலை நேர விசேஷங்களுக்கு, நிச்சயதார்த்தமோ புதுமனை புகுவிழாவோ, என்னைக் கேட்டால் கோட்டே வேண்டாம். பட்டு வேட்டியை மிஞ்சிய உடுப்பு இல்லை. போட்டே ஆக வேண்டும் என்றால் லைனிங் இல்லாத காட்டன் அல்லது லினன் பிளேசர், வெளிர் நிறத்தில். உறவுக்காரர், நண்பர் வரவேற்புக்குப் போகிறவர்களுக்கும் பிளேசரும் வேறு நிற பேண்ட்டும் போதும், மாப்பிள்ளையை விடப் பளபளப்பாகப் போய் நிற்பது அழகல்ல.

எந்த வெட்டு?

கோட்டை முன்பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டு சாதி. ஒன்று, நடுவில் ஒரே வரிசைப் பட்டன் உள்ள சிங்கிள் பிரெஸ்ட். மற்றது, ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தின் மேல் ஏறி, இரண்டு வரிசைப் பட்டனோடு வரும் டபுள் பிரெஸ்ட். முதல் கோட் எடுப்பவர்களுக்கு சிங்கிள் பிரெஸ்ட், இரண்டு பட்டன். இதில் தப்பு நடக்க வழியே இல்லை. நின்றால் மேல் பட்டனைப் போட வேண்டும், கீழ்ப் பட்டனை எப்போதும் போடக் கூடாது. இந்த வழக்கம் இங்கிலாந்து மன்னர் ஏழாம் எட்வர்டால் வந்தது என்று சொல்வார்கள். யாரால் வந்திருந்தாலும், இன்றைக்கு வெட்டுவதே கீழ்ப் பட்டன் திறந்திருக்கும்படிதான், போட்டால் இடுப்பில் துணி இழுக்கும். மூன்று பட்டன் என்றால் நடுவில் உள்ளது கட்டாயம், மேலே உள்ளது உங்கள் இஷ்டம். உட்காரும்போது சிங்கிள் பிரெஸ்டின் பட்டனை அவிழ்த்துவிட வேண்டும். டபுள் பிரெஸ்டை உட்கார்ந்தாலும் அவிழ்ப்பதில்லை. திறந்து போட்டால் இரண்டு பக்கமும் துணி தொங்கும், பார்க்க நன்றாக இருக்காது.

மார்பில் மடிந்து கிடக்கும் காலர்ப் பட்டைக்கு லேபல் என்று பெயர். ஓரத்தில் சின்ன வெட்டு மட்டும் இருந்தால் நாச், அது எல்லா இடத்துக்கும் ஆகும். நுனி தோளைப் பார்த்து மேலே கூர்மையாக நின்றால் பீக், மேடைக்கும் டபுள் பிரெஸ்டுக்கும் உரியது. வெட்டே இல்லாமல் வளைந்து இறங்கினால் ஷால், அது இரவு வரவேற்புக்கு மட்டும். அகலம் 3 முதல் 3.5 அங்குலம் இருக்கட்டும். ஒல்லிக் காலர் சில வருடம் ஓடிவிட்டு மறைந்துவிட்டது. கல்யாண ஆல்பம் அப்படி மறையாது.

பின்பக்கப் பிளவையும் பாருங்கள். நடுவில் ஒரே பிளவு குதிரை ஏறுகிறவர்களுக்காக வந்தது. இரண்டு பக்கமும் பிளவு இருந்தால் பேண்ட் பாக்கெட்டில் கை விட்டாலும், உட்கார்ந்தாலும் பின்பக்கம் தூக்கிக்கொள்ளாது. சதைப்பிடிப்பானவர்களுக்கு இதுதான் வசதி. பிளவே இல்லாத கோட் நின்றபடி போட்டோ எடுக்க மட்டும் நன்றாக இருக்கும்.

ஜோத்பூரி என்றும் பந்த்கலா என்றும் கேட்டு வாங்கும் மூடிய கழுத்துக் கோட்டுக்கு டை வேண்டாம், லேபல் இல்லை. மாலை விழுந்தால் கசங்க எதுவும் இல்லை என்பதால் மாப்பிள்ளைக்கு நல்ல தேர்வு. இரண்டு எச்சரிக்கை: கழுத்து குட்டையாக இருப்பவர்களுக்கு முகம் நேராகத் தோளில் வைத்தது போலத் தெரியும். அப்புறம், சித்திரை மாதத்தில் கழுத்தை மூடிக்கொண்டு மூன்று மணி நேரம் நிற்க மனவலிமை வேண்டும். கை இல்லாத நேரு கோட் குர்தாவோடு போனால் போதும், சட்டை டையோடு அதைக் கலக்க வேண்டாம்.

தோள்

கோட்டில் நீளத்தைக் குறைக்கலாம், இடுப்பைப் பிடிக்கலாம், கையை ஏற்றலாம் இறக்கலாம். தோளை மட்டும் தொட்டால் முழுக் கோட்டையும் பிரிக்க வேண்டும். அதற்கு ஆகும் கூலியில் பாதிக் கோட் வாங்கிவிடலாம், சில டெய்லர்கள் எடுக்கவே மாட்டார்கள்.

ட்ரையலில் வழக்கமாக நடக்கும் பேச்சு இது.

"அண்ணா, தோள் கொஞ்சம் வெளியே தள்ளுற மாதிரி இருக்கே?"

"அதெல்லாம் அயர்ன் பண்ணா அமுங்கிரும் மாப்பிள்ள, நீங்க கவலைப்படாதீங்க."

அமுங்காது. சுவர் ஓரமாகப் பக்கவாட்டில் போய் நில்லுங்கள், மெல்லச் சுவரை நோக்கிச் சாயுங்கள். உங்கள் கை சுவரைத் தொடும் முன்பே கோட்டின் தோள் பேட் தொட்டால், தோள் பெரிசு. கை முதலில் பட்டு, தோளுக்குக் கீழே துணி குழி விழுந்தால், தோள் சின்னது. தையல் சரியாகத் தோள் எலும்பு முடியும் இடத்தில் நிற்க வேண்டும்.

அடுத்து கழுத்தின் பின்பக்கம். கூட வந்தவரைப் பார்க்கச் சொல்லுங்கள். கோட் காலர் சட்டைக் காலரோடு ஒட்டி நிற்க வேண்டும், மேலே அரை அங்குலம் சட்டை தெரிய வேண்டும். இடைவெளி விழுந்தால், ஒன்று வெட்டுத் தப்பு, இல்லையென்றால் உங்களுக்குக் கம்ப்யூட்டர் பார்த்துப் பார்த்துக் கழுத்து முன்னால் வந்துவிட்டது. இரண்டாவதற்கும் டெய்லரிடம் வழி இருக்கிறது, ஆனால் அளவெடுக்கும்போது நீங்கள் நெஞ்சை நிமிர்த்தி நடிக்காமல் வழக்கமாக நிற்கிறபடி நிற்க வேண்டும். ஒரு தோள் தாழ்ந்து இருப்பதும் நிறையப் பேருக்கு உண்டு. தாழ்ந்த பக்கத்துக்குப் பேட் கூடுதலாக வைத்துவிடுவார்கள், சொன்னால்தான்.

பட்டனைப் போட்டு உள்ளே கையைப் பொத்தி விடுங்கள், ஒரு முஷ்டி அடங்கினால் சரி. பட்டனிலிருந்து குறுக்கும் நெடுக்குமாக மடிப்பு ஓடினால் இறுக்கம். கை நீளம் மணிக்கட்டு எலும்பில் நிற்கட்டும், சட்டைக் கஃப் அரை அங்குலம் வெளியே தெரியட்டும். முதல் கோட் எடுக்கிறவர்களில் பாதிப் பேருக்குக் கை நீளமாகத்தான் அமையும், விரல் வரை இறங்கிவிடும். கோட்டின் நீளம் பின்பக்கத்தை மூட வேண்டும், அதற்குக் கீழே தேவையில்லை.

கடைசிப் பரீட்சை நம்மூருக்கே உரியது. இரண்டு கையையும் தூக்கி வணக்கம் சொல்லுங்கள், அப்புறம் பெரியவர் காலில் விழுவது போலக் குனியுங்கள். வரவேற்பு மேடையில் இதைத் திரும்பத் திரும்பச் செய்யப் போகிறீர்கள். கையைத் தூக்கும்போது கோட் முழுசும் கூடவே ஏறினால் அக்குள் வெட்டு தாழ்வாக இருக்கிறது, உயர்த்தச் சொல்லுங்கள். குனியும்போது பேண்ட் எங்கே இழுக்கிறது என்பதையும் அங்கேயே பார்த்துவிடுங்கள். மேடையில் தையல் விட்டுப் போனால் மண்டபத்தில் ஊசி நூல் தேடுகிற வேலை மாமாக்களுக்கு. காலில் விழும் முன் பட்டனை அவிழ்த்துவிடுவது நல்ல பழக்கம்.

உடம்புவாகு

தொப்பை இருப்பவர்கள் வழக்கமாகச் செய்வது, வயிறு அடங்குகிற அளவுக்குப் பெரிய கோட்டை எடுப்பது. வயிறு அடங்கிவிடும், தோள் தொங்கிவிடும், ஆள் இரண்டு சுற்று பெரிசாகத் தெரிவார். தோளுக்கும் மார்புக்கும் பொருந்துகிறதைத் தேர்ந்தெடுத்து, முன்பக்கத்தில் துணி விட்டுத் தைக்கச் சொல்வதுதான் வழி. அதனால் இவர்களுக்கு ரெடிமேடை விடத் தைப்பது நல்லது. சிங்கிள் பிரெஸ்ட், இரண்டு பட்டன், பக்கவாட்டில் இரண்டு பிளவு. மேல் பட்டன் தொப்புளுக்கு நேராகவோ ஒரு விரற்கடை மேலேயோ வரட்டும். பேண்ட்டை வயிற்றுக்குக் கீழே இறக்கிக் கட்டாமல் இடுப்பில் ஏற்றிப் போடுங்கள், பட்டனுக்குக் கீழே சட்டை முக்கோணமாக எட்டிப் பார்க்காது. டை பெல்ட் பக்கிளைத் தொட்டு நிற்கட்டும். மினுமினுப்புத் துணி வேண்டவே வேண்டாம், வெளிச்சம் எங்கே வளைவு இருக்கிறதோ அங்கேதான் போய் விழும்.

உயரம் குறைவானவர்களுக்கு நீளம்தான் முதல் எதிரி. கோட் ஒரு அங்குலம் நீண்டாலும் கால் ஒரு அங்குலம் குறைந்துவிடும். பட்டன் கொஞ்சம் கீழே இருந்தால் மார்பில் நீளமான கோணம் கிடைக்கும். கோட்டும் பேண்ட்டும் ஒரே நிறமாக இருக்கட்டும், பேண்ட் அடியில் மடிப்பு குவியாமல் ஷூவின் மேல் லேசாகத் தொடட்டும். பெரிய கட்டம் போட்டது வேண்டாம்.

ஒல்லியும் உயரமுமாக இருப்பவர்களுக்குத்தான் எல்லாம் பொருந்தும், டபுள் பிரெஸ்ட் உட்பட. இவர்கள் செய்கிற தப்பு, இன்னும் இறுக்கிப் போடுவது. கொஞ்சம் கனமான துணி, மேலே ஒட்டித் தைத்த பாக்கெட், அகலமான லேபல், இவை உடம்புக்குக் கனம் சேர்க்கும்.

ஜிம்முக்குப் போய் மார்பு அகன்று இடுப்பு சிறுத்தவர்களுக்கு ரெடிமேட் செட் சரிப்படாது. செட்டாக வரும் சூட்டில் கோட்டுக்கும் பேண்ட்டுக்கும் இடையில் கம்பெனி ஒரு கணக்கு வைத்திருக்கும், பெரும்பாலும் ஆறு அங்குல வித்தியாசம். உங்களுக்கு எட்டு, ஒன்பது என்றால் தனித்தனியாக விற்கும் இடத்தில் வாங்குங்கள், கோட்டின் இடுப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். பேட் மெல்லியதாக இருக்கட்டும், தோள் ஏற்கெனவே இருக்கிறது.

இப்போது கலர். "நீங்க கொஞ்சம் கருப்பு, லைட் கலர் எடுக்காதீங்க" என்று சொல்கிற கடைக்காரரிடமிருந்து நகர்ந்துவிடுங்கள். மாநிறத்துக்கும் கருப்புக்கும் கருநீலம், மெரூன், பாட்டில் பச்சை, கிரீம் எல்லாமே எடுப்பாக இருக்கும். சோகையாகத் தெரிவது முகத்தோடு கலந்துபோகும் மங்கலான பழுப்புதான். மிக நெருக்கமான மெல்லிய கோடுகள் வீடியோவில் நெளியும், அதைத் தவிருங்கள். கருப்புக் கோட், வெள்ளைச் சட்டை, கருப்பு டை என்று எடுத்தால் தருமபுரி கோர்ட் வாசலில் உங்களையும் நாலு பேர் வழக்கு விவரம் கேட்பார்கள். இரவு மேடைக்குக் கருப்பு வேண்டுமென்றால் துணியின் நெசவிலோ சட்டையிலோ ஏதாவது வித்தியாசம் இருக்கட்டும்.

ரெடிமேடா, தையலா, வாடகையா?

ஒரே ஒரு வரவேற்பு, பிறகு தொடப்போவதில்லை என்று நிச்சயமாகத் தெரிந்தால் வாடகை தப்பில்லை. அக்குளை முகர்ந்து பாருங்கள், உள்பக்கம் கறை பாருங்கள், முதல் நாளே வாங்கி வையுங்கள். ரெடிமேட் என்றால் 38, 40, 42 என்பது மார்பின் அங்குலம். ஐரோப்பிய அளவில் 48, 50 என்று போட்டிருந்தால் பத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். தைப்பதென்றால் 58 அங்குல அகலத் துணியில் கோட், பேண்ட் இரண்டுக்கும் 3 முதல் 3.25 மீட்டர், உடம்பு பெரிசென்றால் 3.5. துணியை ஜவுளிக்குப் பேர்போன பர்கூரிலும் பார்க்கலாம், பெங்களூர் சிக்பேட்டையிலும் பார்க்கலாம். தைப்பதை மட்டும் திரும்பத் திரும்பப் போய்வர முடிகிற ஊரில் கொடுங்கள், ஏனென்றால் இரண்டு ட்ரையலாவது வேண்டும்.

மார்புப் பகுதிக்குள் என்ன வைப்பார்கள் என்று கேளுங்கள். பசையால் ஒட்டும் ஃபியூசிங் மலிவு, அடிக்கடி டிரை வாஷ் போட்டால் சில வருடத்தில் துணி கொப்புளம் கொப்புளமாக எழும். கேன்வாஸ் வைத்துத் தைத்தால் செலவு கூடும், உடம்போடு படிந்து உட்காரும், பல வருடம் உழைக்கும். வருடத்துக்கு ஒரு தடவை போடுகிறவருக்கு ஃபியூசிங் போதும்.

ஜூன் மாதம் டெய்லர் கடைகளில் பள்ளிச் சீருடை மலை போலக் கிடக்கும், தீபாவளிக்கு முன்னால் நிற்கவே இடம் இருக்காது. ஆவணிக் கல்யாணத்துக்கு ஆடியிலேயே கொடுத்துவிட்டால் நிதானமாகத் தைப்பார்கள், துணியும் தள்ளுபடியில் கிடைக்கும். எந்த மாதமானாலும் விசேஷத்துக்கு ஐந்தாறு வாரம் முன்பே துணி டெய்லர் கையில் இருக்கட்டும்.

போடுகிற அன்றைக்கு

புதுக் கோட்டின் கையில் கம்பெனி பெயர் தைத்த துண்டு இருக்கும், பின்பக்கப் பிளவில் பெருக்கல் குறி போல நூல் போட்டிருக்கும். இரண்டையும் பிரித்துவிட்டுப் போட வேண்டும். அதை வைத்துக்கொண்டே மேடை ஏறிய மாப்பிள்ளைகள் நிறைய. வெளிப்பாக்கெட்டைத் தைத்து மூடியிருந்தால் அப்படியே விட்டுவிடலாம், கோட்டின் வடிவம் கெடாது.

மாலையைப் பூக்கடையில் தண்ணீர் தெளித்துத்தான் கொடுப்பார்கள், உதறிவிட்டுப் போடச் சொல்லுங்கள். சாட்டின் லேபலில் தண்ணீர் பட்ட இடம் திட்டாகத் தெரியும், ஜரிகை நூல் துணியை இழுக்கும், புரோச் சங்கிலி மாலையில் மாட்டும். மேடையில் கைக்கு வரும் மொய்க் கவர்களை உள்பாக்கெட்டில் திணிக்காதீர்கள், அரை மணியில் ஒரு பக்க மார்பு புடைத்துவிடும். பக்கத்தில் மச்சானை ஒரு பையோடு நிற்க வையுங்கள். பந்திக்குப் போகும்போது கோட்டைக் கழற்றிவிடுங்கள், ரசம் கஃப் வழியாகத்தான் ஏறும்.

முடிந்ததும் அகலமான ஹேங்கரில் ஒரு நாள் காற்றாட மாட்டுங்கள், பிரஷ் போட்டுத் தூசி எடுங்கள். கறை பட்டாலொழிய டிரை வாஷ் வேண்டாம். அயர்ன் பெட்டியை நேராக வைக்காமல் ஈர வெள்ளைத் துணி ஒன்றை விரித்து அதன் மேல் தேயுங்கள். கம்பளி என்றால் பீரோவில் அந்துருண்டை கட்டாயம்.

டெய்லரிடம் துணி கொடுக்கும்போதே இன்னொன்றும் சொல்லி வைக்க வேண்டும். முதுகுத் தையலிலும் பேண்ட் இடுப்பிலும் ஒவ்வொரு அங்குலம் துணியை உள்ளே மடித்து விடச் சொல்லுங்கள், மிச்சத் துணியையும் இரண்டு பட்டனையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மாமியார் வீட்டு விருந்தெல்லாம் முடிந்து தலை தீபாவளிக்குப் போடும்போது அந்த ஒரு அங்குலம் தேவைப்படும்.